நெடி வராத நெருப்பு

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மொபைல் டவர். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் ஒரு தெரு. அதன் முனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நாளும் நான் பார்ப்பது இதைத்தான். தெருக்கோடியில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதன் கூரைக்கு மேல் நீண்டிருக்கும் இரும்புக் குழாய். குழாயின் வாயில் சுடர் எதுவும் தெரியாது. ஆனால் அதற்கு நேர் பின்னால், தொலைவில் நிற்கும் டவர் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளியும். மரத்திலிருந்து வரும் வாயு சுத்தமாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது. புகையும் தாரும் கலந்திருந்தால்தான் மஞ்சளாக எரியும். டவர் நடுங்கினால் நெருப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது, என் மனைவி விடியும் முன்பே எழுந்து பற்றவைத்துவிட்டாள் என்று பொருள். போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தேவையில்லை.

அந்த மார்கழி முழுவதும் நாங்கள் தனித்தனியாக இருந்தோம். திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வேலப்பன்சாவடியில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. நான் நாளிதழில் செய்தி மேசையில் வேலை பார்த்தேன். மாலையில் போய் நள்ளிரவுக்குப் பிறகு திரும்புவேன். அவள் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். ஆய்வின் கடைசிப் பகுதிக்காக ஒரு மாதம் ஷெட்டை விட்டு நகர முடியாது என்று கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஷெட் உரிமையாளரின் வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டாள். காலையில் நான் துவைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்குத் துணியை வாங்கி வருவேன். அந்தத் துணிகளில் மரம் கனிந்த மணம் இருக்கும். பையைத் திறந்ததும் வீடு முழுவதும் பரவும். சலவைக்குப் போட மனமில்லாமல் ஒரு துப்பட்டாவை இரண்டு நாள் நாற்காலியிலேயே விட்டுவைத்திருந்தேன்.

அவள் செய்துகொண்டிருந்தது இது. மரத்துண்டுகளைப் போதிய காற்று கொடுக்காமல் கனியவிட்டால் அவை வாயுவாக மாறும். அந்த வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுப்பது பழைய முறை. அதில் பாதிக்கு மேல் வெறும் வெப்பமாகப் போய்விடும். அவள் வாயுவை எரிக்காமலே மின்சாரம் எடுக்கப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில், அப்பளத்தைவிட மெல்லிய ஒரு பீங்கான் தகடு. மின் உலைக்குள் வைத்து அதைச் செந்தணல் நிறத்துக்குச் சூடேற்ற வேண்டும். ஒரு பக்கம் மரவாயு, மறுபக்கம் சாதாரணக் காற்று. இரண்டுக்கும் நடுவே, தகட்டில் மின்சாரம் பிறக்கும். செல்லுக்குப் போக மிஞ்சும் வாயுதான் கூரைக் குழாயில் எரிவது. எரிபொருள் செல் என்று அதற்குப் பெயர். நாங்கள் செல் என்றே சொன்னோம்.

அவளிடம் ஒரே ஒரு செல்தான் இருந்தது. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று இரவலாகக் கொடுத்தது. பொங்கலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் ஒரு மாதம் அது மரவாயுவில் ஓடித் தாக்குப்பிடிக்க வேண்டும். முதல் நாள் மீட்டர் 0.80 வோல்ட் காட்டியது. கடைசி நாள் 0.72க்குக் கீழே இருந்தால், மரவாயு இந்தச் செல்லுக்கு ஆகாது என்று அவளே எழுதி ஐந்து ஆண்டு வேலையை மூட வேண்டியதுதான். வேறு செல் கிடைக்காது. கல்லூரி கொடுத்திருந்த கால நீட்டிப்பும் அத்துடன் முடிகிறது.

கல்லூரி வளாகத்தில் விறகு எரிக்க அனுமதி இல்லை. ஒருமுறை எரித்தபோது விடுதி மாணவிகள் காயப்போட்ட துணிகளில் கரி படிந்துவிட்டது. அதனால்தான் ஷெட்.

ஷெட்டுக்குச் சொந்தக்காரியை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்தில் நெல் போட்ட குடும்பம்; நிலத்தில் இப்போது யாரோ ஒருவருடைய கிடங்கு நிற்கிறது. கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அக்கா காலையில் நெடுஞ்சாலை ஓரம் தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும் விற்றுவிட்டுப் பத்தரைக்கு வீடு திரும்புவார். ஷெட் கேட்டு நாங்கள் போன அன்று நடந்த பேச்சு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

“இன்னாத்துக்கு ஷெட்டு? மாவு மிஷின் போடப் போறீங்களா?”

“கரண்ட் எடுக்கப் போறோம்க்கா” என்றாள் என் மனைவி.

“கரண்டா? கம்பத்துல கொக்கி போட்டா? அத்தெல்லாம் என் ஊட்டாண்ட வேணாம்மா, ஈபிகாரன் வந்து என்னிய இட்டுகினு பூடுவான்.”

“மரத்துல இருந்துக்கா.”

“மரத்துல இருந்து தேங்கா எடுக்கலாம், மாங்கா எடுக்கலாம். கரண்டு எட்து நான் பாத்ததில்ல.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவுரு இன்னா பண்றாரு?”

“பேப்பர்ல இருக்காரு.”

“பேப்பர் போட்றாரா?”

“எழுதுறாரு.”

“அப்ப செரி. எட்து காட்டு டீச்சர், நானும் பாக்கறேன்.”

அன்றிலிருந்து என் மனைவி டீச்சர், நான் பேப்பர்கார்.

செல் முதன்முதலில் ஒரு சிறிய விளக்கை எரிய வைத்தபோது அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஷெட்டின் நடுவில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு டிரம்மையும், பக்கத்தில் அடுக்கியிருந்த சவுக்குத் துண்டுகளையும், வடிகட்டிகளையும், உலையையும், ஓயாமல் ஓடும் ஊதுவிசிறியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் விளக்கைப் பார்த்தார்.

“இம்மாம் பெரிய டிரம்மு, இம்மாம் கட்ட. அதுக்கு இத்துனூண்டு லைட்டா? என் ஊட்டு சாமி வெளக்கே தேவல.”

“ஒரு செங்கல்லப் பாத்துட்டு வீடு சின்னதா இருக்குன்னு சொல்றீங்க. இந்த மாதிரி நூறு தகட்ட அடுக்கினா உங்க தெருவுக்கே போதும்” என்றாள் என் மனைவி.

“செரி செரி. ஊடு எப்ப கட்டுவேன்னு சொல்லு, பால் காய்ச்ச வரேன்.”

இன்று அந்தத் தெரு வழியாகப் போனால் ஷெட் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். நாங்களும் ஆவடிக்குப் போய், முத்தாபுதுப்பேட்டைக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டோம். மார்கழிப் பனியில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் அந்தப் புகைக்கு மூக்கைத் திருப்பி, இது அது இல்லை என்று ஒதுக்கிவிடுகிறேன். அந்த ஷெட்டின் மணம் புகையின் மணமல்ல. நறுக்கிய சவுக்கின் ஈரவாசம், சூடான இரும்பு, பத்தரை மணிக்கு அக்கா தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவரும் மீந்த வடகறி, இவை எல்லாம் சேர்ந்தது. மூவரும் சவுக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். டிரம் தன் பாட்டுக்கு உள்ளே கனிந்துகொண்டிருக்கும். என் மனைவி ஒரு கையால் இட்லியைப் பிய்த்தபடி மறு கையால் லேப்டாப்பில் கோட்டைப் பார்ப்பாள். மீட்டர் சொல்வதெல்லாம் அங்கே ஒரு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். அது நேராகப் போனால் அவள் பேச்சு நீளும். வளைந்தால் பதில்கள் ஒரு சொல்லில் முடியும்.

டிரம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேல்வாய் எப்போதும் திறந்தே இருக்கும். மரத்தையும் காற்றையும் மேலிருந்து உள்ளே இழுத்து, வாயுவைக் கீழ்வழியாக வெளியே எடுக்கும் அமைப்பு. ஊதுவிசிறி ஓடும்வரை புகை மேலே வராது. எட்டிப் பார்த்தால் அடியில் சிவப்பு தெரியும், முகத்தில் சூடுகூட அதிகம் படாது. பகலில் இந்த நெருப்பு. இரவில் நெருப்பை அணைத்துவிட்டு, உலை மட்டும் சூடாக இருக்க, சிலிண்டரிலிருந்து வேறு வாயுவைச் செல்லுக்குள் அனுப்பிவைப்பாள். செல் குளிரக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் தகடு விரிசல் விடும்.

முதல் வாரம் கோடு நேராகப் போனது. அந்த வாரம்தான் எங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி ஒன்று வந்தது. எழுதியவர் வேறு நிருபர். ‘மரத்திலிருந்து மின்சாரம்: பேராசிரியை சாதனை’ என்று தலைப்பு வைத்தது நான். அதில் கடைசிச் சொல் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. செய்தியைப் பார்த்துக் கல்லூரியிலிருந்து இரண்டு வகுப்பு மாணவர்கள் வந்தார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் ஆளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். பிரமாதம் என்று சொல்லாதவர் யாருமில்லை.

இரண்டாவது வாரத்தில் மீட்டர் இறங்கத் தொடங்கியது. 0.80 ஒரு மாலையில் 0.76 ஆனது. இரண்டு நாளில் கொஞ்சம் ஏறி, மறுபடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் விழுந்த அளவுக்கு ஏறவில்லை.

என் மனைவி முதலில் மரத்தைச் சந்தேகப்பட்டாள். கடலோரத்துச் சவுக்கில் உப்பு ஏறியிருக்கும் என்று பூந்தமல்லியில் வேறு மரவாடிக்குப் போய் உள்நாட்டுச் சவுக்கு வாங்கினோம். மாற்றமில்லை. வடிகட்டியில் கரியை மாற்றினாள். மாற்றமில்லை. லேத் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது மின்னழுத்தம் குலைகிறதோ என்று உலைக்குத் தனி ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தாள். மீட்டர் 0.69க்கு இறங்கியது. வடகறி நேரத்தில் பேச்சு நின்றுபோயிற்று. அக்கா ஓரிரு முறை கேலி செய்து பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு காலையில் நான் அந்தக் கோட்டை மொத்தமாகப் பார்த்தேன். படிகள் போல விழுந்திருந்தது. ஒவ்வொரு படியும் தொடங்கிய நாளை வாசித்தேன். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். எல்லாமே மாலை ஆறு மணியை ஒட்டி. செய்தி மேசையில் இருப்பவனுக்கு நாட்கள் இணைப்பிதழ்களாகத்தான் தெரியும். செவ்வாய் என்றால் வேலைவாய்ப்பு, வெள்ளி என்றால் ஆன்மிகம்.

“செவ்வாயும் வெள்ளியும் இங்க என்ன நடக்குது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. ஆறு மணிக்கு அக்கா காபி போட்டுட்டுக் கூப்பிடுவாங்க. போய் முகம் கழுவிட்டுக் குடிச்சிட்டு வருவேன். பத்து நிமிஷம்.”

“அப்ப இங்க யாரு?”

“அக்காதான். நெருப்பப் பாத்துக்குறேன்னு சொல்லுவாங்க.”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் ஏதோ தட்டியது. அந்த வெள்ளிக்கிழமை நான் ஷிப்டை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தேன். ஆறு மணிக்குக் காபி வந்தது. என் மனைவி முன்னறைக்குப் போனாள். நான் கூடவே போய்விட்டு, கண்ணாடியை மறந்ததுபோல் திரும்பி ஷெட்டின் பக்கவாட்டில் நின்றேன்.

அக்கா ஆணியில் மாட்டியிருந்த என் மனைவியின் மேல்கோட்டை எடுத்து டிரம்மின் மேல், அவளே நிற்பதுபோல் போர்த்தினார். வலது கையை இறுக மூடிக்கொண்டு டிரம்மைச் சுற்றி வந்தார். மூன்று முறை இடமிருந்து வலம், மூன்று முறை வலமிருந்து இடம். வாய் முணுமுணுத்தது.

“காலேஜ் கண்ணு, கம்பெனி கண்ணு, கார்ல வந்தவன் கண்ணு, லேத்துப் பட்டற கண்ணு, பேப்பர்ல பாத்த ஊர் கண்ணு, அத்தினியும் எரிஞ்சி பூடணும்.”

பிறகு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியில் ஏறி, கையில் இருந்ததை டிரம்மின் வாய்க்குள் போட்டார். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு. குனிந்து மூக்கை உறிஞ்சினார். காத்திருந்தார். மறுபடி உறிஞ்சினார். தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது என்னைப் பார்த்தார்.

“இன்னா பேப்பர்கார், ஒளிஞ்சிகினு பாக்கறே?”

“என்னக்கா இது?”

“இன்னா இதுன்னா? சுத்திப் போட்றேன். நீ பேப்பர்ல போட்டே, ஊரே வந்து வாயப் பொளந்துகினு பாத்துச்சி. கண்ணு படாம இன்னா பண்ணும்? பொண்ணு மூஞ்சி எப்டி வாடிப் போச்சி பாத்தியா?”

“இதுக்குள்ளயா போடுவீங்க?”

“வேற எங்க போட்றது? ஊட்ல கேஸ் அடுப்பு. அதுல போட்டா பர்னர் அட்ச்சிக்குது. வெந்நி அடுப்பு இருந்துச்சி, அதையும் எடுத்துட்டு ஹீட்டர் வெச்சிட்டான் என் புருசன். இந்தத் தெருவுலயே நெருப்புன்னு ஒண்ணு கீறது இந்த டிரம்முலதான்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், டீச்சராண்ட சொல்லாத. ரொம்ப கெட்ட கண்ணு. மொளகா போட்டா கமறணும், இல்ல? இருமல் வரணும். நெடியே வரல. ஒரு தபா கூட வரல. நெடி வரலன்னா கண்ணு இன்னும் எறங்கலன்னு அர்த்தம். அதான் ஒவ்வொரு தபாவும் ஒரு புடி ஜாஸ்தியா போட்டுகினு வரேன்.”

நெடி வராததற்குக் காரணம் ஊதுவிசிறி. புகை முழுவதையும் அது கீழே இழுத்துச் செல்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நெடி வராததால் அக்கா கடுகைக் கூட்டினார். கடுகு கூடியதால் மீட்டர் இறங்கியது. மீட்டர் இறங்க இறங்க என் மனைவியின் முகம் வாடியது. முகம் வாடியதால் அக்கா இன்னும் கூட்டினார்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில நிமிடங்களில் அதன் கடைசி எண் குறையத் தொடங்கியது. என் மனைவி காபி டம்ளரோடு வந்தாள். நான் சொன்னேன். அவள் டம்ளரை மூட்டையின் மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. கண்ணீர் வந்தது, அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கடுகு எவ்ளோக்கா போடுவீங்க?”

கடுகில் கந்தகம் இருக்கிறது. மரவாயு படும் பக்கத்தில் அந்தத் தகட்டின் மேல் நிக்கல் பூச்சு. கந்தகம் நிக்கலில் இடம் பிடித்துக்கொண்டால் வாயுவுக்கு இடமிருக்காது. சுத்தமான வாயு தொடர்ந்து போனால் கந்தகம் மெல்ல எழுந்து போகும். ஆனால் முழுவதும் போகும் என்று சொல்ல முடியாது. இதை அவள் அக்காவிடம் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதை வைத்து விளக்கினாள். அக்காவுக்கு உடனே புரிந்தது.

“அப்ப நான்தான் கெட்த்தேனா?”

“நீங்க கெடுக்கலக்கா. கடுகு.”

“கடுகு தானா நடந்து போய் உள்ள குதிச்சிச்சா?” என்றார் அக்கா. அதன் பிறகு இரண்டு நாள் வடகறி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் எதையும் போடவில்லை. மீட்டர் ஏறத் தொடங்கியது. அந்த வார இறுதிக்குள் 0.75க்கு வந்தது. இன்னும் சில நாள் இப்படியே விட்டால் மாதம் முடிந்துவிடும், 0.72க்கு மேலே முடியும். நான் நிம்மதியாகிவிட்டேன். அவள் ஆகவில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“கடுகுன்னு நீங்க சொல்றீங்கம்மா. கோட்டுல தெரியிறது என்ன? மரவாயு கொடுத்தோம், விழுந்துச்சு. தேர்வாளர் மரத்தத்தான் குத்தம் சொல்வாரு. காரணத்துக்கு ஆதாரம் என்ன? உங்க வீட்டுக்கார அம்மாவ சாட்சிக்குக் கூட்டிட்டு வருவீங்களா?”

போனை வைத்ததும் என் மனைவி சொன்னாள். “மறுபடி போட்டுப் பாக்கணும்.”

“மறுபடி விழுந்து ஏறலைன்னா?”

“ஏறலைன்னா போச்சு.”

“இப்ப 0.75 இருக்கு. அப்படியே விட்டுடேன்.”

“ஒரு செய்திய ஒரே ஆள் சொன்னாருன்னு நீங்க போடுவீங்களா?”

நான் அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு வாரம் விடுப்பு கேட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூவரும் ஷெட்டில் கூடினோம். அக்கா வர மறுத்து, பிறகு வந்தார். என் மனைவி சிறிய தராசை எடுத்து வைத்தாள். “உங்க வழக்கமான பிடியப் பிடிங்கக்கா. உப்பு தனியா, மிளகா தனியா, கடுகு தனியா.” அக்கா கடுகை அள்ளினார். தராசில் போட்டார். அவள் திரும்ப அள்ளச் சொன்னாள். மூன்று முறை அள்ளியும் ஏறக்குறைய ஒரே எடைதான் வந்தது. அக்காவின் முகத்தில் முதல்முறையாகப் பழைய களை தெரிந்தது.

“பாத்தியா? இட்லிக்கு உப்புப் போட்ற கை.”

“இன்னிக்கு உப்பும் மிளகாயும் மட்டும். கடுகு நாளைக்குத் தனியா” என்றாள் என் மனைவி.

“கடுகு மட்டும் வெச்சி யாருக்கும்மா சுத்துவாங்க?”

“சுத்த வேண்டாம்க்கா. சும்மா போட்டா போதும்.”

“சுத்தாம போட்டா அதுக்குப் பேரு தாளிப்பு. என்னால முடியாது.”

கடைசியில் சுற்றியே போட்டார். ஆனால் இந்த முறை டிரம்மைச் சுற்றவில்லை. என் மனைவியைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, அவள் தலையைச் சுற்றினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். உப்பும் மிளகாயும் டிரம்முக்குள் போயின. நெடி வரவில்லை. மீட்டரைப் பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அது அசையவில்லை. உப்பு வழியிலேயே குளிர்ந்த வடிகட்டியில் தங்கிவிட்டது. மிளகாய் செல்லைத் தொடும்படி எதையும் செய்யவில்லை.

மறுநாள் ஞாயிறு. அதே நேரம், கடுகு மட்டும். போட்டுவிட்டு அக்கா முக்காலியிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று மீட்டரைப் பார்த்தார். சற்று நேரத்தில் 0.75 போய் 0.74 வந்தது. பிறகு 0.73. என் மனைவி மரத்துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அன்று நெருப்பை அணைக்கும்போது 0.67. எங்கள் மூவரில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தான். காரணம் இப்போது கோட்டிலேயே இருந்தது. ஆனால் அவள் உலையின் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். சூடு தாங்காமல் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா டீச்சர்?” என்றார் அக்கா. “தெனம் வந்ததும் மொதல்ல நான் பாக்கறது இத்ததான். எம்மாம் நல்லா கீதுன்னு மனசுக்குள்ள நெனைப்பேன். என் கண்ணேதானோ?”

“உங்க கண்ணு பட்டிருந்தா முதல் வாரமே விழுந்திருக்கும்க்கா” என்றாள் அவள்.

“அதுவும் செரிதான்” என்றார் அக்கா. ஆனால் மறுநாள் ஷெட்டுக்குள் வந்தபோது மீட்டர் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். வடகறிப் பாத்திரத்தை வைத்துவிட்டு என்னிடம், “எவ்ளோன்னு நீ பாத்துச் சொல்லு” என்றார்.

“0.69.”

“எவ்ளோக்குப் போவணும்?”

“0.72.”

“மூணுதான? வரும்.”

மாலையில் மறுபடி வந்தார். 0.70. அதற்கடுத்த நாள் லேசான தூறல். சவுக்கு ஈரமாகிவிடக் கூடாதென்று மூட்டைகளை அக்கா தன் வீட்டு முன்னறைக்கே தூக்கிக்கொண்டு போனார். என் மனைவியின் படுக்கையைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் விறகை அடுக்கினார். தேவைப்படும்போது ஒவ்வொரு மூட்டையாக நானும் அவரும் நனையாமல் ஷெட்டுக்கு எடுத்துவந்து கொடுத்தோம். குழாயின் மேல் தூறல் விழுந்து ஆவியாகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தள்ளுவண்டிக்கு அன்று அவர் போகவில்லை. மதியம் 0.71. அதன் பிறகு அது வெகுநேரம் நகரவில்லை. அக்கா என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். என் மனைவி லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, மரத்துண்டுகளை ஒரே அளவில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள், பொங்கலுக்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமை, மாலை ஆறு மணிக்கு மீட்டர் 0.73 காட்டியது. ஒரு மாதக் கணக்கின் கடைசி நாளான வியாழக்கிழமையும் 0.73. வெள்ளிக்கிழமை காலை உலையை அணைத்தோம். செல் குளிர ஒன்றரை நாள் ஆனது.